தடுமாறிய இடம்

வகுப்பில் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிய நாளில்தான் அந்த ஆசிரியைக்குத் தன் தேர்வின் மேலிருந்த நம்பிக்கை போயிற்று.

செவிலியர் கல்லூரியில் அவள் மருந்தளவுக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். முதல் பருவம் முழுக்க இணையவழிப் படிப்பு. மாணவிகள் அவரவர் வீட்டிலிருந்தே படிக்கலாம். தேறியவர்கள் அடுத்த பருவத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வருவார்கள். தேர்வும் இணையத்தில்தான், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு எத்தனை மில்லி காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வைத்திருந்தாள். மூன்று புள்ளி ஆறு என்பது சரியான விடை. கேள்வியை இணையத்தில் ஏற்றும்போது கை தவறி, முப்பத்தாறைச் சரி என்று குறித்துவிட்டாள். வகுப்பு மொத்தமும் முப்பத்தாறைத் தொட்டிருந்தது. தேர்வை இரண்டு முறை எழுத வாய்ப்பு உண்டு. யாரோ ஒருத்தி முதலில் எழுதி, திரை காட்டிய விடைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருக்கிறார்கள்.

“எல்லாரும் பாஸு. குழந்தை மட்டும்தான் ஃபெயிலு,” என்றாள் வீட்டில்.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். சிரிக்கவில்லை. “எங்க கடைக்கும் அப்படி வருவாங்க. பலகையில இருக்குற எழுத்த முன்னாடி நிக்கிறவர் படிக்கிறப்பவே மனப்பாடம் பண்ணிக்குவாங்க. அவங்க முறை வந்ததும் கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க. கண்ணு தெரியலன்னு ஒத்துக்க மனசு வராது. வெளிய போறப்ப கதவுல முட்டிக்குவாங்க.”

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பலகைய மூடிட்டுப் பக்கத்துல உக்காந்து பேசுவேன். எதப் படிக்கக் கஷ்டமா இருக்குன்னு கேட்டா, கொஞ்ச நேரத்துல அவங்களே சொல்லிடுவாங்க.”

அந்தப் பேச்சு அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பருவத்தின் நடுவில் வந்த விடுமுறை முழுக்க அதையே அசைபோட்டு, தேர்வை அடியோடு மாற்றினாள். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தனி நோயாளி. வயது வேறு, எடை வேறு, மருந்து பாட்டிலின் அளவு வேறு. யாரைப் பார்த்தும் எழுத முடியாது. கணக்கைப் போட்டபின், அதை எப்படிப் போட்டேன் என்று தன் வாயால் சொல்லிக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். பதிவின் கடைசி ஒரு நிமிடத்துக்கு ‘தடுமாறிய இடம்’ என்று பெயர் வைத்தாள். எங்கே சந்தேகம் வந்தது, எங்கே கை நின்றது என்பதை அதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் அவள் ஒரு வாக்கும் கொடுத்தாள். “அந்தக் கடைசி நிமிஷத்துக்கு மார்க் கிடையாது. அதுல என்ன சொன்னாலும் யாருக்கும் எதுவும் குறையாது. நான் ஒருத்திதான் கேப்பேன். கேட்டுட்டு, அடுத்த பாடத்த அதுக்கு ஏத்த மாதிரி நடத்துவேன். அவ்வளவுதான்.”

வகுப்புக்கும் முன்பே இதையெல்லாம் கேட்டது அவளுடைய சிநேகிதிதான். அதே கல்லூரியில் துறைத்தலைவி. படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். நீளக் கழுத்தும் நெடுநெடு உயரமுமாக இருந்ததால் அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பட்டப்பெயர் விழுந்து, நாளடைவில் வெறும் சிவிங்கி ஆயிற்று. ஆசிரியை அவள் தோளுக்குத்தான் இருப்பாள், ஆகவே பொடிசு. பதவி வந்தபின்னும் தனியே இருக்கும்போது அந்தப் பெயர்கள்தான்.

அவர்களுக்குள் ஒளிவுமறைவு இருந்ததில்லை. ஆசிரியை நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு முதியவருக்குப் பத்து மடங்கு மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள். மூத்த நர்ஸ் ஒருவர் கடைசி நேரத்தில் கையைப் பிடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவளைத் தேடி வந்து, தோளில் சாய்த்துக்கொண்டு, நடந்ததை முழுக்கக் கேட்டவள் சிவிங்கி. பிறகு கணவனிடம்கூட ஆசிரியை அதைச் சொன்னதில்லை.

புதிய தேர்வின் திட்டத்தைக் கேட்டதும் சிவிங்கி மேசையைத் தட்டினாள். “அடி பொடிசு! இதுதான்டி நெசமான பரீட்சை. மத்ததெல்லாம் கண்துடைப்பு.”

முதல் இரண்டு வாரம் பதிவுகள் செய்தி வாசிப்பதுபோல வந்தன. எழுதி வைத்துப் படித்தார்கள். கடைசி நிமிடத்தில், “தடுமாற்றம் எதுவும் இல்லை, நன்றி மிஸ்,” என்று முடித்துக்கொண்டார்கள். முதலில் உடைத்துப் பேசியவள் வகுப்பிலேயே மூத்தவள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் அம்மா. பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம். நடுவில் ஒரு குழந்தை ரப்பர் காணோம் என்று கத்தியது.

“மிஸ், கணக்கு போட்டுட்டேன். சரியாத்தான் இருக்கும்னு நெனக்கிறேன். ஆனா எனக்குப் புள்ளின்னாலே பயம் மிஸ். அந்தப் புள்ளி எங்க உக்காரணும்னு தெரியாம, ஈ மாதிரி அங்கயும் இங்கயும் பறக்குது. எங்க வீட்டுல யாரும் பெரும்புள்ளி கிடையாது. நான் தசமப்புள்ளிகிட்டயே தோத்துக்கிட்டு இருக்கேன்.”

ஆசிரியை தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த பாடம் முழுக்கப் புள்ளியைப் பற்றித்தான். வெறும் புள்ளி ஐந்து என்று எழுதாதே, முன்னால் ஒரு பூச்சியம் போடு. அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்குப் புள்ளி தப்பினால் அது ஐந்தாகிவிடும். ஐந்துக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் வைக்காதே, அது ஐம்பதாகிவிடும். பாடத்தின் முடிவில் அந்த அம்மாவே மைக்கைத் திறந்து, “அந்த ஈ நான்தான் விட்டது,” என்று சொல்லிவிட்டாள். திரையின் கருப்புச் சதுரங்களுக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் புள்ளியக்கா.

அதன்பிறகு மடை திறந்த மாதிரி ஆயிற்று. ஒருத்திக்குக் கிராமும் மில்லிகிராமும் குழம்பியது. ஒருத்திக்குக் கணக்கு வரும், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் கை உதறும். ஒருத்தி, “இத்தனை நாளா நான் பார்த்துதான் எழுதினேன், இனிமேதான் படிக்கணும்,” என்று ஒத்துக்கொண்டாள். ஆசிரியை ஒவ்வொன்றையும் கேட்டாள். பஸ்ஸில் கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். கணக்குகள் திருந்திக்கொண்டே வந்தன. அவள் வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் மாணவிகள் இப்படிக் கண்ணெதிரே கற்று அவள் பார்த்ததில்லை.

பருவம் முடியும் தறுவாயில் சிவிங்கி கேட்டாள். “அந்தக் குரல்பதிவையெல்லாம் எனக்கும் திறந்து விடேன். மேலிடத்துலேர்ந்து பார்வையிட வராங்க. நம்ம துறையில புதுசா என்ன பண்றோம்னு காட்டணும். ரெண்டு மூணு கேட்டா போதும்.”

“அந்தக் கடைசி நிமிஷத்த மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டாத. நான் வாக்கு குடுத்திருக்கேன்.”

“எனக்குத் தெரியாதாடி? என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லுன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும் என்பதால்தான் திறந்துவிட்டாள்.

பருவத்தின் கடைசி வகுப்பு. ஆசிரியை உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே புள்ளியக்காவின் மைக் திறந்தது.

“மிஸ், ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. எனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லையாம். முதல் பருவத்தத் திரும்பப் படிக்கணுமாம்.”

“இருக்காது. நீங்க எல்லாத்துலயும் தேறியிருக்கீங்க.”

“நானும் அதத்தான் சொன்னேன். ‘மார்க் இருக்கு, தன்னம்பிக்கை இல்ல. பயம்னு உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்களாமே’ன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்திதான் கேப்பேன்னு சொன்னீங்க மிஸ்.”

வேறு இரண்டு மைக்குகள் திறந்தன. எனக்கும் போன் வந்தது, எனக்கும். கிராம் குழம்பியவள். கை உதறியவள். பார்த்து எழுதியதை ஒத்துக்கொண்டவள். யாரெல்லாம் மனம் திறந்து பேசினார்களோ அவர்கள் அத்தனை பேரும் வெளியே. கடைசிவரை ‘தடுமாற்றம் எதுவும் இல்லை, நன்றி மிஸ்’ என்று முடித்தவர்கள் உள்ளே.

“நான் சொல்லல. நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் ஆசிரியை. தன் காதிலேயே அது பொய்யாக விழுந்தது. சொல்லாவிட்டால் என்ன, கதவைத் திறந்துவிட்டது யார்? புள்ளியக்கா திரையிலிருந்து மறைந்தாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சதுரங்கள் அணைந்தன.

துறைத்தலைவியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சிவிங்கி கோப்பிலிருந்து நிமிர்ந்து, வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

“உக்காரு.”

“நீ பண்ணினதா?”

“உக்காரு முதல்ல. ஆஸ்பத்திரியில பயிற்சி இடத்தக் குறைச்சிட்டாங்க. பாதிப் பேரத்தான் எடுத்துக்குவாங்களாம். யாரையாவது நிறுத்தியே ஆகணும். உன் பரீட்சையில எல்லாரும் தேறிட்டாங்க, மார்க்கும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. எத வச்சுப் பிரிக்கிறது? சீட்டுக் குலுக்கிப் போடவா?”

“அதுக்கு அந்தப் பிள்ளைங்க நம்பிச் சொன்னதையா எடுப்ப?”

“நெசமான பரீட்சை இதுதான்னு நாமதானே பேசினோம்? அந்த ஒரு நிமிஷத்துலதான் ஆள் யாருன்னு தெரியுது. பயந்த கை ஊசி பிடிக்கக் கூடாது, பொடிசு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்லப்போறது நான்.”

“பயம்னு சொல்றவ ரெண்டு தடவ சரிபார்ப்பா. சொல்லாதவளப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமே தெரியாது. நான் வாக்கு குடுத்திருந்தேன்.”

“நீ குடுத்த. காலேஜ் குடுக்கல.”

சிவிங்கி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விடுதியில் பரீட்சைக்கு முந்தைய நாள், ‘பதறாதே, இது வராது’ என்று எப்படிச் சொல்வாளோ அதே சாந்தமான குரல். அதுதான் ஆசிரியைக்கு அதிகம் வலித்தது. மேலிடத்துப் பார்வையெல்லாம் பொய்யா என்று கேட்டாள். சிவிங்கி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “வராங்கதான். ஆனா அதுக்கு மட்டும் கேக்கல,” என்றாள்.

ஆசிரியை முதல்வரிடம் போனாள். மறுநாளே அவளும் சிவிங்கியும் முதல்வருமாக ஒரு கூட்டம். முதல்வர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர்; இரண்டு பக்கமும் தலையாட்டியே பணிக்காலத்தை ஓட்டியவர். ஆசிரியை நடந்ததைச் சொன்னாள். வாக்கு கொடுத்து வாங்கிய ஒன்றை வைத்து ஒருவரை விலக்குவது மதிப்பீடு அல்ல, பொறி என்றாள். முதல்வர் தலையாட்டினார். பிறகு சிவிங்கியின் பக்கம் திரும்பினார்.

“சார், இவங்க நல்ல ஆசிரியை, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல,” என்று ஆரம்பித்தாள் சிவிங்கி. “ஆனா இந்த விஷயத்துல இவங்களால நடுநிலையா யோசிக்க முடியாது. வேலைக்குச் சேந்த புதுசுல இவங்களே ஒரு வயசானவருக்குப் பத்து மடங்கு மருந்த ஊசியில ஏத்தினவங்க. மயிரிழையில தப்பிச்சது. அதனாலதான் தடுமாறுறவங்கள கண்டா இவங்க மனசு இளகிடுது. நான் தப்பு சொல்லல சார். ஆனா நோயாளியோட உயிர் விஷயத்துல இரக்கம் பாக்க முடியாது.”

ஆசிரியை சிநேகிதியின் முகத்தையே பார்த்தாள். குளியலறைக் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே தலையைத் தடவிக்கொடுத்த அதே கை, இப்போது மேசை மேல் அமைதியாகக் கிடந்தது. கிணற்றில் போட்ட கல்லை அவள் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள், எறிவதற்கு. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எழவில்லை.

“உண்மைதான் சார்,” என்றாள். “நடந்தது. மூத்த நர்ஸ் கையப் பிடிச்சாங்க. ஏன் தப்பு பண்ணினேன் தெரியுமா? புள்ளி எங்கன்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. கேட்டா வேலை போயிடுமோன்னு கேக்கல. அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் இந்தப் பரீட்சையவே செஞ்சேன். இத்தனை நாள் அந்த நர்ஸத் தவிர ஒரே ஒருத்தருக்குத்தான் அது தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். மேடம் சொல்லிட்டாங்க.”

மேடம் என்ற சொல்லில் சிவிங்கியின் கண்கள் ஒருதரம் இமைத்தன.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார்,” என்று தொடர்ந்தாள் ஆசிரியை. “எல்லாரையும் நேர்ல வரச் சொல்லுங்க. உள்ள இருக்குறவங்க, வெளிய நிறுத்தினவங்க, அத்தனை பேரையும். கையில மருந்துக் குப்பியும் ஊசியும் குடுப்போம், ஒரு பொம்மைய நோயாளியா வைப்போம். வெளியாள் வந்து மார்க் போடட்டும். யாரு பாத்தாலும் எனக்குச் சம்மதம்.”

முதல்வர் தலையாட்டாமல் யோசித்தது அப்போதுதான். விஷயம் வெளியே போனால் கல்லூரியின் பெயர் கெடும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சரி என்றார்.

பயிற்சிக்கூடத்தில் அந்தத் தேர்வு நடந்தது. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு நர்ஸுகள் மதிப்பிட்டார்கள். நிறுத்தி வைத்தவர்களில் பெரும்பாலோர் நிதானமாகக் கணக்குப் போட்டு, குப்பியின் மேல் இருந்ததை வாய்விட்டுப் படித்து, இரண்டாம் முறை சரிபார்த்து ஏற்றினார்கள். கை உதறுபவளுக்குக் கை உதறத்தான் செய்தது. ஆனால் அளவு சரியாக இருந்தது. ஒருத்தி மட்டும் தேறவில்லை. உள்ளே இருந்தவர்களிலோ சிலர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். ‘தடுமாற்றம் எதுவும் இல்லை’ என்று எல்லா வாரமும் சொன்ன ஒருத்தி, கண்ணிமைக்காமல் பத்து மடங்கு ஏற்றினாள்.

பட்டியல் மாற்றப்பட்டது. மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. ‘மறுபரிசீலனை’ என்று ஓர் அறிவிப்பு வந்தது. பார்வையிட வந்தவர்கள் துறையின் புதிய தேர்வு முறையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பொம்மை நோயாளியின் முன் புள்ளியக்கா மட்டும் வந்து நிற்கவேயில்லை. ஆசிரியை எத்தனையோ முறை போனில் கூப்பிட்டாள். ஒரு மத்தியானம் அவள் எடுத்தாள்.

“ஒரு இடம் உங்களுக்காக வச்சிருக்காங்க. நானே பேசிட்டேன். நீங்க வந்தா போதும்.”

“வேண்டாம் மிஸ். பக்கத்துலயே துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டேன்.”

“உங்களுக்குக் கணக்கு நல்லா வருதுக்கா.” அக்கா என்று தானாக வந்துவிட்டது.

“வருது மிஸ். நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க எங்களுக்காகச் சண்ட போட்டீங்கன்னு பிள்ளைங்க சொன்னாங்க. ஆனா என் வீட்டுக்காரர்கிட்டகூட எனக்குப் பயம்னு நான் சொன்னதில்ல. அவர்கிட்ட ‘பாஸாயிட்டேன்’னுதான் சொல்லியிருந்தேன். ஆபீஸ்லேர்ந்து போன் வந்தப்ப முதல்ல எடுத்தது அவர்தான் மிஸ், கேட்டுட்டுத்தான் எங்கிட்ட குடுத்தாரு. என் பயத்த அவர் வேற யாரோ வாயால கேட்டாரு.”

ஆசிரியை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லி வைத்தாள்.

புதிய பருவம் தொடங்கியது. தேர்வு முறையை விளக்கி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள். “மிஸ், அந்தக் கடைசி நிமிஷத்த யார் யார் கேப்பாங்க?” முந்தைய வகுப்பின் கதை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

“காலேஜ் நெனச்சா கேக்கலாம்,” என்றாள் ஆசிரியை. “என்னால தடுக்க முடியாது. போன தடவ முடியும்னு நெனச்சேன். அதனால இந்தத் தடவ அந்தப் பகுதியே கிடையாது. கணக்க மட்டும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நான் எதையும் பதிவு பண்ண மாட்டேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.”

சில பேர் கூப்பிட்டார்கள். பல பேர் கூப்பிடவில்லை. வேலை மூன்று மடங்கானது. “கடைசியில பக்கத்துல உக்காந்து பேசுற வேலைக்கே வந்துட்ட,” என்றான் கணவன். அதற்குள் அவனிடம் அந்தப் பழைய ஊசிக் கதையையும் சொல்லியிருந்தாள். அவன் கேட்டுவிட்டு, “இதையா இத்தனை வருஷம் தனியா தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச?” என்று மட்டும் கேட்டான். தனியாக அல்ல, இருவராகத்தான் தூக்கினோம் என்று நினைத்திருந்தேன் என்பதை அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் சிவிங்கி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளைக்குடி இப்படி? எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனக்கிறியா? அன்னைக்கு அந்த ரூம்ல வேற வழி தெரியல, வாயில வந்துடுச்சு.”

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் நிஜமாகவே வருந்துகிறாள் என்பது தெரிந்தது. இத்தனை வருடம் பழகிய முகத்தில் அதைப் படிக்கத் தெரியாதா?

“முகம் ஏன் வாடியிருக்கு? வீட்டுல ஏதாவதா?” என்றாள் சிவிங்கி, பழைய குரலில்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. காலையில் வந்த ஒரு மாணவியின் அழைப்பு, துணிக்கடைப் பக்கம் போனால் புள்ளியக்கா எதிர்ப்பட்டுவிடுவாளோ என்று பஸ்ஸை மாற்றிப் போவது, இந்த வேலையையே விட்டுவிடலாமா என்று அடிக்கடி வரும் யோசனை. இதுபோன்றதையெல்லாம் இத்தனை வருடம் அவள் சொல்லிவந்த ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஒண்ணும் இல்ல மேடம்,” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.